புது விலங்கு ஒன்றை உருவாக்க: கொம்பை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள்

கதைக்கோ விளையாட்டுக்கோ படக்கதைக்கோ ஒரு புது விலங்கு வேண்டும் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது பென்சிலைத்தான். நாலு கால் போடுகிறார்கள், முதுகு நெடுக முள் வைக்கிறார்கள், நெற்றியில் இன்னொரு கண், கடைசியில் ஒரு ஜோடிச் சிறகு. பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். "சரி, இது காலையில் எழுந்து என்ன தின்னும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் இருக்காது.

கோயில் தூணில் நிற்கும் யாளியிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக அது கல்லில் நிற்கப் பிறந்தது, அதற்குப் பசியில்லை. உங்கள் விலங்கோ நடக்க வேண்டும், குட்டி போட வேண்டும், கோடையைத் தாண்ட வேண்டும். அதனால் வயிற்றிலிருந்து தொடங்குங்கள். எதைத் தின்கிறது, அதைத் தேடிப் பிடிக்க எவ்வளவு செலவாகிறது என்ற வரவு செலவு சரிப்பட்டுவிட்டால் காலும் மூக்கும் பல்லும் குணமும் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

விசித்திரமே கூடாது என்று சொல்லவில்லை. 1799-ல், ஆஸ்திரேலிய நீர்நிலைகளில் வாழும் பாலூட்டியான பிளாட்டிபஸின் பாடம் செய்த உடலைப் பார்த்து அதை விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கே, யாரோ வாத்தின் அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அந்த அலகுக்கு வேலை இருக்கிறது. தண்ணீருக்குள் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு நீந்தும் பிளாட்டிபஸ், இரையின் தசை அசையும்போது எழும் மின்சாரத்தை அந்த அலகால்தான் உணர்கிறது. வேலை இருக்கிற விசித்திரத்தை யார் வேண்டுமானாலும் நம்புவார்கள்.

கீழே ஒரே விலங்கைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: சிரமமான ஓர் இடம்

"அடர்ந்த காடு" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. அங்கே ஆயிரம் விதமாக வாழலாம், எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியாமல் போகும். குறிப்பான ஒரு தொல்லை உள்ள இடமாக எடுங்கள். தண்ணீர் ஏறி இறங்கும் கரை, பாதி ஆண்டு பனியில் மூடும் சரிவு, வெளிச்சமே எட்டாத குகை. தொல்லை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, விலங்கும் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கும்.

நம் உதாரணத்துக்கு அகலமான, ஆழமில்லாத ஓர் ஏரி. ஆண்டுக்கு 3 மாதம் தண்ணீர், 9 மாதம் வறட்சி. தண்ணீர் வற்றிய முதல் சில வாரங்கள் தரை களியாக இருக்கும். பிறகு வண்டல் காய்ந்து, வெடித்து, கல் போன்ற கட்டிகளாகிவிடும். ஒரு சாண் ஆழத்தில் கோரைக்கிழங்குகள் புதைந்து கிடக்கின்றன. ஏரிக்குள் மரமோ நிழலோ கிடையாது. கரையில் மட்டும் முட்புதர்.

இதற்கு மேல் இடத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுத வேண்டாம். வரைபடம் போட்டு, மலைகளுக்குப் பெயர் வைத்து, அதிலேயே ஒரு மாதத்தைக் கழித்தவர்கள் நிறையப் பேர்.

படி 2: ஆள் இல்லாத வேலை

ஒவ்வொரு இடத்திலும் சில வேலைகளுக்கு ஆள் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. மடகாஸ்கரில் மரங்கொத்தி கிடையாது, மரத்துக்குள் புழுக்கள் மட்டும் உண்டு. அந்த வேலையை அங்கே அய்-அய் என்ற லெமூர் (குரங்குக்குத் தூரத்துச் சொந்தம்) பார்க்கிறது. குச்சி போன்ற நடுவிரலால் பட்டையைத் தட்டிப் பார்த்து, புழு குடைந்த வழியைக் காதால் கண்டுபிடித்து, பல்லால் கடித்துத் துளையிட்டு, அதே விரலை உள்ளே விட்டு இழுத்துத் தின்கிறது. அலகின் வேலையை ஒரு விரலும் பல்லும் பங்கு போட்டுக்கொண்டன.

நம் ஏரியில் தரை களியாக இருக்கும்வரை பறவைகளே கிழங்கைக் கிளறி எடுத்துவிடும். கட்டி இறுகியதும் அவை போய்விடும். கிழங்கு கீழேயே கிடக்கும், எடுக்க ஆளில்லை. நம் விலங்குக்கான வேலை அதுதான்.

இங்கே புதியவர்கள் தாண்டிப் போய்விடும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இடம் ஏன் இத்தனை நாள் காலியாக இருந்தது? நம் விஷயத்தில் கட்டியின் கடினம்தான் காரணம். அப்படியானால் கடினமான கட்டியை வெல்லும் ஏதோ ஒன்று நம் விலங்கிடம் இருந்தாக வேண்டும். அது என்ன என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள், கணக்கு சொல்லும்.

படி 3: ஒரு நாள் கணக்கு

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

1932-ல் மாக்ஸ் கிளைபர் என்ற ஆய்வாளர் விலங்குகளின் எடையையும் அவை செலவிடும் ஆற்றலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எடை இரட்டித்தால் செலவு இரட்டிப்பதில்லை, சுமார் 1.7 மடங்குதான் ஆகிறது. எலியிலிருந்து மாடுவரை பாலூட்டிகளுக்கு இது ஏறக்குறையப் பொருந்துகிறது. இதைக் கணக்குப் போடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். வந்த எண்ணுக்கு மறுபடியும் வர்க்கமூலம். கிடைத்ததை மூன்று முறை தன்னோடு தானே பெருக்கி, 70-ஆல் பெருக்குங்கள். சும்மா படுத்திருக்கவே அந்த விலங்குக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கிலோகலோரி அதுதான்.

நம் விலங்கு 16 கிலோ என்று வைப்போம். 16-ன் வர்க்கமூலம் 4, 4-ன் வர்க்கமூலம் 2. 2 × 2 × 2 என்று பெருக்கினால் 8. எழுபதால் பெருக்க 560. இது படுத்துக் கிடக்கும் செலவு. அலைந்து திரிந்து தோண்டும் விலங்குக்கு இரண்டரை மடங்கு வைத்தால் 1,400 கிலோகலோரி. வெப்ப இரத்த விலங்குக்கான கணக்கு இது. பல்லி, ஆமை போல உடல்சூட்டுக்கு வெயிலை நம்பும் விலங்கு என்றால் இதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் செலவாகும். உணவு மிகக் குறைந்த இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த வழியை யோசியுங்கள்.

இப்போது வரவுப் பக்கம். மாவுச்சத்துள்ள கிழங்கு 100 கிராமில் 80 கிலோகலோரி போலக் கிடைக்கும். 1,400-க்கு 1,750 கிராம் தேவை. எல்லாமே செரிக்காது, ஆகவே 2 கிலோ என்று வையுங்கள். கோரைக்கிழங்கு சிறியது, ஒன்று 2 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 1,000 கிழங்கு. எட்டு மணி நேரம் மேய்ந்தால் 480 நிமிடம். நிமிடத்துக்கு இரண்டு!

இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு கிழங்கு, எட்டு மணி நேரம், இடைவிடாமல், அதுவும் கல் போன்ற கட்டிக்கடியிலிருந்து. நகத்தால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் விலங்கு இங்கே செத்துப்போகும். ஒரே தள்ளலில் ஒரு முழுக் கட்டியை நெம்பிப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பத்துப் பதினைந்து கிழங்குகளை ஒன்றாக வாரித் தின்னும் விலங்குதான் தேறும். நெம்ப வேண்டுமானால் கட்டிகளுக்கு நடுவே உள்ள வெடிப்பில் நுழையும் அளவுக்கு ஒடுங்கிய, உறுதியான முகம் வேண்டும். பின்னாலிருந்து தள்ளத் தடித்த கழுத்தும் தோளும் வேண்டும். முகம் வரைந்தாகிவிட்டது, பென்சிலை இன்னும் தொடவில்லை.

இதே கணக்கிலிருந்து தண்ணீர்ப் பிரச்சினையும் தீர்கிறது. கிழங்கில் முக்கால் பங்கு நீர் என்றால் 2 கிலோவில் ஒன்றரை லிட்டர் உள்ளே போகிறது. ஆகவே வறட்சியில் தண்ணீர் தேடி ஓட வேண்டாம். இதைவிடக் கடுமையாகவும் வாழ்கிறார்கள்: பாலைவனத்துக் கங்காரு எலி உலர்ந்த விதைகளைத் தின்று, அவற்றை உடல் எரிக்கும்போது உண்டாகும் நீரைக் கொண்டே காலம் தள்ளும்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மூன்று வழி இருக்கிறது. உணவை மாற்றலாம், எடையைக் குறைக்கலாம், அல்லது செலவைச் சுருக்கலாம். மூன்றாவதுதான் சுவையானது. மரக்கிளையில் தொங்கியே வாழும் ஸ்லோத் இலையைத் தின்று வாழ்கிறது. இலையில் வரவு குறைவு, அதனால்தான் அத்தனை மெதுவாக நகர்கிறது. பாண்டா வேறு மாதிரி. இறைச்சி தின்னும் குடும்பத்தின் குடலை வைத்துக்கொண்டு மூங்கில் தின்பதால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும், ஆகவே நாளில் பாதிப் பொழுதை மென்றே கழிக்கிறது. சோம்பேறி, பெருந்தீனிக்காரன் என்று நாம் குணம்போல் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும்.

படி 4: ஏன் இந்த அளவு?

பிரம்மாண்டமாக ஆக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். 1638-ல் கலிலியோ எழுதிவைத்த விஷயம் குறுக்கே நிற்கிறது. ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும். அதே வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் காலெலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும். யானைக்குத் தூண் மாதிரிக் கால் வந்தது இதனால்தான்.

நம் விலங்கை இரட்டித்தால் 128 கிலோ. தேவையான உணவு ஏறக்குறைய 4.8 மடங்கு, அதாவது நாளைக்கு 4,800 கிழங்கு, நிமிடத்துக்குப் பத்து. வாய்ப்பேயில்லை. சின்னதைத் தின்று பெரிதாக வாழவும் முடியும்தான், ஆனால் அதற்குத் தனிக் கருவி வேண்டும். பெரிய எறும்புதின்னியின் நாக்கு நிமிடத்துக்கு 150 முறைவரை போய் வருகிறது.

ரொம்பச் சிறிதாகவும் ஆக்க முடியாது. ஒரு கிலோ விலங்கால் கட்டியை நெம்ப முடியாது. போதாததற்கு, சிறிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். 2 கிராம் எடையுள்ள எட்ரூஸ்கன் மூஞ்சூறு ஒரே நாளில் தன் எடையைவிட அதிகமாகத் தின்றால்தான் பிழைக்கும். ஆக 16 கிலோ, கொஞ்சம் முன்பின். அதை அப்படியே விடுவோம்.

படி 5: தாத்தா யார்?

எந்த விலங்கும் வெற்றிடத்திலிருந்து வருவதில்லை, முன்னோரிடமிருந்து வாங்கிய உடம்பைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. முதுகெலும்புள்ள நிலவிலங்குகள் எல்லாமே நாலு உறுப்புகள் கொண்ட முன்னோரிலிருந்து வந்தவை. பறவையும் வௌவாலும் முன்காலைக் கொடுத்துத்தான் சிறகை வாங்கின. நாலு காலும் வேண்டும், சிறகும் வேண்டும் என்றால் அது ஆறு உறுப்புள்ள விலங்கு. உங்கள் உலகத்தில் அதற்கு ஆறு உறுப்புள்ள சொந்தக்காரர்களும் இருந்தாக வேண்டும். ஓணானும் தவளையும் நாலு காலோடு திரியும் காட்டில் ஒற்றை டிராகன் மட்டும் ஆறோடு வந்தால் வாசகர் மனதில் ஒரு நெருடல் இருக்கும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

நம் விலங்குக்குப் பன்றிக் குடும்பத்தை எடுக்கிறேன். பன்றியின் மூக்குத்தட்டுக்குள் தனியாக ஓர் எலும்பு உண்டு, மண்ணைக் கிளறுவதற்கே ஆன ஏற்பாடு. நெம்பும் முகத்துக்கு அந்த எலும்பை நீட்டி, கெட்டியாக்கினால் போதும். வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கப் பன்றி முன்கால்களை மடித்து மண்டியிட்டு மேயும், மடங்கும் இடத்தில் தடித்த தோல்திட்டு இருக்கும். நம் விலங்கும் மண்டியிட்டுத்தான் கட்டியை நெம்பும். நின்றுகொண்டு நெம்பினால் கழுத்தில் மட்டும் விசை விழும், மண்டியிட்டால் முழு உடம்பையும் தள்ளலாம்.

முன்னோர் கொடுப்பது வரம் மட்டும் இல்லை. பன்றிக்குக் குளம்பு. குளம்பை வைத்து வளை தோண்ட முடியாது. நிழலில்லாத ஏரியில் பகல் வெயிலுக்கு எங்கே ஒதுங்கும்? வார்ட்ஹாக் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எறும்பும் கறையானும் தின்னும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன வளைக்குள் குடியேறிவிடும். நம் விலங்கும் கரையில் வேறொன்று தோண்டிய வளையில்தான் பகலைக் கழிக்கும். ஏரிக்குள் இருக்கும் வளை மழையில் மூழ்கிவிடும், ஆகவே கரைதான். அங்கிருந்து தினமும் இரவில் ஏரிக்குள் நடந்து போய்த் திரும்ப வேண்டும். கரைக்குப் பக்கத்துக் கிழங்கு முதலில் தீரும், கோடை முற்ற முற்ற நடை நீளும். எட்டு மணி நேர மேய்ச்சலில் நடைக்கே ஒன்றரை மணி போனால் கணக்கு இறுகும். மெலிந்து, எலும்பு தெரியக் கோடையின் கடைசி மாதத்தில் நடமாடும் விலங்கு இப்படித்தான் கிடைத்தது.

முன்னோர் விட்டுப்போன ஒரு குறையையாவது உங்கள் விலங்கில் வையுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு மூளையிலிருந்து நேரே போகாமல் கழுத்து நெடுகக் கீழே இறங்கி, இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றி மறுபடி மேலே ஏறுகிறது. குட்டைக் கழுத்து முன்னோரிடம் குறுக்குவழியாக இருந்தது, கழுத்து நீண்டதும் இப்படி ஆகிவிட்டது. எல்லாம் கச்சிதமாக இருக்கும் விலங்கு உயிருள்ளதாகத் தோன்றாது.

படி 6: ஆண்டு நாட்காட்டி

ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஒவ்வொரு மாதமும் உணவு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நமக்கு 3 மாதம் தண்ணீர், அடுத்து ஒன்றரை மாதம் மென்மையான களி, மீதி இறுகிய கட்டி. தண்ணீர் மாதங்களில் கிழங்கு கைக்கு எட்டாது. அப்போது கரைக்கு ஒதுங்கிப் புல் குருத்து, தவளை, நத்தை, பறவை முட்டை என்று கிடைத்ததைத் தின்னும். பன்றி வம்சம் எதையும் தின்னும் என்பது இங்கே கைகொடுக்கிறது.

குட்டி எப்போது பிறக்க வேண்டும்? பாலூட்டிகளில் தாய்க்கு அதிகச் செலவு வைப்பது கர்ப்பகாலம் இல்லை, பால் கொடுக்கும் காலம்தான். ஆகவே பால் கொடுக்கும் வாரங்கள் களிக்காலத்தில் விழ வேண்டும், கிழங்கு சுலபமாகக் கிடைப்பது அப்போதுதான். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது பிறப்பு. அதிலிருந்து கர்ப்பகாலத்தைப் பின்னோக்கி எண்ணினால் இணைசேரும் பருவம் வந்துவிடும். நாலு மாதம் என்றால் கோடையின் கடைசி, விலங்கு மிகவும் மெலிந்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஆண்கள் மோதிக்கொண்டால் பட்டினியால் பாதி சாகும். அதனால் மோதல் பெரிதாக இருக்காது என்று முடிவு செய்யலாம். பெரிய தந்தம் வைக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து ஒரு சிக்கல். பால் மறக்கும் சமயத்தில் தரை இறுகிவிடுகிறது. மூன்று கிலோக் குட்டியால் கட்டியைப் புரட்ட முடியாது. அப்படியானால் குட்டி தாயின் பின்னாலேயே போய், அவள் புரட்டிய கட்டியின் அடியில் பொறுக்கித் தின்ன வேண்டும். முதல் கோடை முழுக்க. அவள் ஒருநாளைக்குப் புரட்டும் கட்டிகளில் ஒரு பங்கு குட்டிக்குப் போகிறது. எனவே ஒரு ஈற்றுக்கு இரண்டு குட்டிக்கு மேல் தாங்காது. பெண் குட்டிகள் மறு ஆண்டும் தாயோடு தங்கித் தம்பி தங்கைகளுக்காகவும் கட்டி புரட்டினால் ஒரு குடும்பமே உண்டாகிவிடும். சமூக வாழ்க்கை வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டு வைக்கவில்லை, மண்ணின் கடினம் கொண்டுவந்து சேர்த்தது.

சாவையும் இங்கேயே முடித்துவிடுங்கள். மண்ணோடு சேர்த்துத் தின்கிறவைக்குப் பல் தேயும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பற்கள் முளைக்கும், கடைசித் தொகுதி தேய்ந்தபின் மெல்ல முடியாமல் போகும். நம் விலங்குக்குப் பத்து வயதில் பல் தீர்ந்துவிடும் என்று வைத்தால், இரண்டு வயதில் தொடங்கி எட்டு ஈற்று, 16 குட்டி. கூட்டத்தின் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்க அந்தப் பதினாறில் சராசரியாக இரண்டு மட்டும்தான் வளர்ந்து குட்டி போட வேண்டும். மீதிப் பதினான்கும் எங்கே சாகின்றன என்று எழுதுங்கள். வெள்ளம், பட்டினி, நோய், வேட்டை. கதைக்கான பொருள் பெரும்பாலும் அந்தப் பதினான்கில்தான் இருக்கும்.

படி 7: எத்தனை வாழலாம், யார் தின்கிறார்கள்

நாளைக்கு 2 கிலோ, வறண்ட 9 மாதத்துக்கு 270 நாள். ஒரு விலங்குக்கு 540 கிலோ கிழங்கு. ஒரு சதுர மீட்டரில் 200 கிராம் கிழங்கு, அதில் பாதியை மறுமுளைப்புக்கு விட்டுவிட வேண்டும் என்று வைத்தால் ஒரு விலங்குக்கு 5,400 சதுர மீட்டர். ஏரி ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் அதிகபட்சம் 185 விலங்குகள். "ஆயிரக்கணக்கில் மந்தை மந்தையாக" என்று எழுத நினைத்திருந்தால் ஏரியைப் பெரிதாக்குங்கள்.

அதைத் தின்னும் வேட்டைவிலங்கும் ஏறக்குறைய அதே எடை என்று வையுங்கள். இறைச்சியில் சத்து அதிகம், நாளைக்கு 1 கிலோ போதும். ஆண்டுக்கு 365 கிலோ. ஒரு விலங்கில் தின்னத் தகுந்தது 10 கிலோ தேறினால் 36 விலங்கு. அது 18 தாய்கள் ஓர் ஆண்டில் போடும் குட்டிகள் அத்தனைக்கும் சமம். குட்டியாகவே அடித்தால் எடை குறைவு, இன்னும் அதிகம் வேண்டும். 185 விலங்கு உள்ள ஏரி இரண்டு மூன்று வேட்டைவிலங்குகளைத் தாங்கினாலே பெரிது, அவையும் வேறு இரையையும் சேர்த்துத் தின்ன வேண்டியிருக்கும். பொதுவாக உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும் என்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கொடூர மிருகம் பாயும் காடுகள் இந்தக் கணக்கில் நிற்பதில்லை.

படி 8: புலன்கள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏற்கெனவே பாதி முடிவாகிவிட்டது. இரவில் மேய்கிறது, மண்ணுக்கடியில் தேடுகிறது, ஆகவே மோப்பம்தான் முதல் புலன். புழுதி ஏறாமல் மூக்குத்துளையை மூடும் வசதி வேண்டும், ஒட்டகத்துக்கு இருப்பதுபோல. கண்கள் பக்கவாட்டில். 2015-ல் 214 நிலவிலங்குகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், மேய்கிற விலங்குகளுக்குக் கண்மணி பெரும்பாலும் கிடைமட்டமாகவும், பதுங்கித் தாக்கும் சிறிய வேட்டைவிலங்குகளுக்குச் செங்குத்தாகவும் இருப்பது தெரிந்தது. ஆடு குனிந்து மேயும்போது அதன் கண் சுழன்று கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ளும். இரவெல்லாம் முகத்தை மண்ணில் புதைத்திருக்கும் நம் விலங்குக்கு அந்த வசதி கட்டாயம் வேண்டும்.

படி 9: தடயங்களும் பெயரும்

விலங்கைக் காட்டுவதற்கு முன் அது விட்டுச்சென்றதைக் காட்டப் பழகுங்கள். காலடி, எச்சம், உரசிய மரம், கடித்துப் போட்ட ஓடு. ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் வாம்பட்டின் சாணம் கனசதுரமாக இருக்கும் என்று தெரிந்தபிறகு அந்த விலங்கை யாரும் மறப்பதில்லை. நம் விலங்கு போன இடத்தில் கட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து, அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் முழங்கால் அழுத்திய குழி. அந்தக் கவிழ்ந்த கட்டிகளில் பூச்சி பொறுக்க விடிகாலையில் பறவைகள் இறங்கும். மழை வரும்போது புரண்ட மண்ணில் தண்ணீர் சுலபமாக இறங்கும், கோரை அங்கே செழிக்கும். தன் அடுத்த ஆண்டுச் சாப்பாட்டைத் தானே உழுதுவிட்டுப் போகிறது.

பெயருக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மரங்கொத்தி, எறும்புதின்னி எல்லாம் செய்கிற வேலையால் பெயர் பெற்றவை. இதற்கு "வண்டல்புரட்டி" என்று வைக்கிறேன். வாயில் நுழையாத, மெய்யெழுத்தாக அடுக்கிய பெயர்களை எப்போதாவது வருகிற வேற்றுக்கிரகவாசிகளுக்கு விட்டுவிடுங்கள்.

படி 10: கதைக்குள் எவ்வளவு?

குறிப்பேட்டில் இருபது பக்கம் சேர்ந்திருக்கும். கதையில் அதில் அரைப் பக்கம் வந்தால் போதும். வண்டல்புரட்டிக்குப் பால் மறக்கும் பருவம் எது என்று கதாபாத்திரம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏரியைக் கடக்கும் ஒருவர், கவிழ்ந்த கட்டியின் அடி இன்னும் ஈரமாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து, "இப்பத்தான் போயிருக்கு, குட்டியோட இருக்கும், சுத்திப் போயிடலாம்" என்று சொன்னால் நீங்கள் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிடும். வாசகருக்கு எண் தெரியாது, ஆனால் எழுதியவருக்குத் தெரியும் என்பது தெரியும்.

குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும் முறையில் ஒரு யோசனை. ஒவ்வொரு முடிவுக்குப் பக்கத்திலும் அது எதிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்: "இரண்டு குட்டி — கட்டி இறுகுவதால்", "சிறிய தந்தம் — இணைசேர்வது பஞ்சகாலத்தில்". கதைக்காக ஏரியில் தண்ணீர் நிற்பதை மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாக்க வேண்டி வரலாம். அப்போது எந்தெந்த வரிகளைத் திருத்த வேண்டும் என்று அந்தப் பட்டியலே காட்டும். வறண்ட காலம் ஆறு மாதமானால் ஒரு விலங்குக்கு 540-க்குப் பதில் 360 கிலோ கிழங்கு போதும், ஏரி 275-க்கு மேல் தாங்கும், வேட்டைவிலங்குக்கு இன்னொன்றோ இரண்டோ சேர்க்கலாம். ஆனால் கரையில் ஒதுங்கும் காலம் இரட்டிப்பாகிறது. அத்தனை பேருக்கும் ஆறு மாதம் தவளையும் நத்தையும் போதுமா என்று பார்க்க வேண்டும். வளைகளும் போதாமல் போகும். அவற்றைத் தோண்டுகிற விலங்கு எது என்று நாம் இன்னும் சொல்லவே இல்லை. அதற்கும் முதல் படியிலிருந்து ஒரு தாள் எடுங்கள்.